மரப்பட்டைத் துவர்ப்பும் வயிற்று நொதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை கேட்டால், “சுகருக்கா? நாவல் பட்டையும் சேர்த்துப் போடட்டுமா?” என்று கடைக்காரரே கேட்கிறார். இந்தப் பட்டைகள் மாவுச்சத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும், அதனால் சர்க்கரை ஏறாது என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது, ஊதிப் பெருக்கியதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டானின் என்றால் என்ன? எந்தப் பட்டைகளில் இருக்கிறது?

வாயில் போட்டதும் நாக்கு வறண்டு, கன்னம் உள்ளுக்கு இழுக்கிறதே, அந்தத் துவர்ப்பைத் தரும் பொருள்கள்தான் டானின்கள். பாலிபீனால் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூலக்கூறு எடை 500 முதல் 3000 வரை என்று 1962இல் பேட்-ஸ்மித், ஸ்வெயின் என்ற இருவர் ஒரு வரையறை கொடுத்தார்கள். அதைவிடப் பெரியவையும் பட்டைகளில் உண்டு.

பெரும்பிரிவு இரண்டு. ஒன்று, நடுவில் ஒரு சர்க்கரை மூலக்கூறு, அதைச் சுற்றிக் காலிக் அமிலமோ எலாஜிக் அமில வகையோ ஒட்டியிருக்கும் அமைப்பு. இதை அமிலத்தாலும் நொதிகளாலும் உடைக்கலாம். கடுக்காயிலும் மருதம்பட்டையிலும் இது நிறைய. மற்றொன்று, கேட்டச்சின் போன்ற அலகுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட செறிவு டானின். ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, ஊட்டிப் பக்கத்துச் சீகை மரப்பட்டை, ஐரோப்பியப் பைன் பட்டை, கருவாப்பட்டை எல்லாம் இந்தப் பக்கம். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று சொல்லி நாம் மென்று துப்பிய குச்சிகளிலும் துவர்ப்பு இவற்றால்தான்.

அது செரிமான நொதியை எப்படித் தடுக்கிறது?

நொதி, அதாவது என்சைம், ஒரு புரதம். டானின், புரதத்தைக் கண்டால் விடாது. அதன் வளையங்களில் வரிசையாக நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடும். தட்டையான வளையங்கள் புரதத்தின் நீர் ஒட்டாத பகுதிகளில், குறிப்பாகப் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களில், போய்ப் படியும். ஒரு டானின் மூலக்கூறுக்குப் பிடிக்கும் இடங்கள் பல என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று புரதங்களைக் கட்டிப்போட முடியும். கூட்டம் பெரிதானதும் கரைசல் கலங்கி, வீழ்படிவாக அடியில் உட்காரும். அப்படி உட்கார்ந்த நொதி வேலை செய்யாது.

வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் ஆட்டுத்தோலைப் போட்டுப் பதனிட்டதும் இதே வேதியியல்தான். தோலில் உள்ள கொலாஜன், புரோலின் நிறைந்த புரதம். டானின் அதன் இழைகளைப் பிணைத்துவிட்டால் கிருமிகளின் நொதிகளால் அதைச் சிதைக்க முடியாது, தோல் அழுகாது.

மொத்தமாகக் கட்டிப்போடுவது ஒரு வழி. சிறிய டானின்கள் நொதியின் வினை நடக்கும் குழிக்குள்ளோ அதன் ஓரத்திலோ உட்கார்ந்து, மாவுச்சத்து உள்ளே வராமல் மறிப்பதும் உண்டு. மூன்றாவது வழி பலர் கவனிக்காதது: டானின் நொதியை விட்டுவிட்டு உணவையே பிடித்துக்கொள்ளும். செந்நிறச் சோளத்தின் டானின் மாவுச்சத்தின் அமைலோஸ் சங்கிலியோடு ஒட்டி, அதைச் செரிக்கக் கடினமானதாக மாற்றிவிடுகிறது. டானின் மிகுந்த சோள ரகங்களைப் பறவைகள் அதிகம் தொடுவதில்லை. கோழித் தீவனத்துக்கும் அவை அவ்வளவாக உதவாது.

எந்தெந்த நொதிகள் தடுக்கப்படுகின்றன?

எச்சிலிலும் கணையத்திலும் வரும், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், சிறுகுடல் சுவரில் பதிந்திருக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் வகைகள் (மால்டேஸ், சுக்ரேஸ் போன்றவை), கொழுப்பை உடைக்கும் லைபேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின், பெப்சின். சோதனைக்குழாயில் போட்டால் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கும். வியப்பும் அதுதான், சிக்கலும் அதுதான். எல்லா நொதியையும் அடக்கும் ஒரு பொருள் ‘அமைலேஸ் தடுப்பான்’ என்ற பட்டத்துக்கு எவ்வளவு தகுதியானது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மரம் எதற்காக இதைப் பட்டையில் சேர்த்து வைக்கிறது?

நம் சர்க்கரையைக் குறைக்க இல்லை என்பது நிச்சயம்! பட்டையைத் துளைக்க வரும் பூஞ்சை, தன் நொதிகளை வெளியே உமிழ்ந்துதான் மரத்தைக் கரைத்துச் சாப்பிடும். துளைக்கிற, கடிக்கிற பூச்சிக்கும் விலங்குக்கும் குடலில் நொதி வேண்டும். டானின் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பொதுவான முட்டுக்கட்டை. மரம் தன் சொந்த நொதிகள் மாட்டிக்கொள்ளாதபடி டானினைச் செல்லுக்குள் தனி அறைகளில் பூட்டி வைத்திருக்கும். கடிபட்டு, நசுங்கிய பிறகுதான் அது வெளியே வரும்.

எதிரிகளும் சும்மா இருப்பதில்லை. 1970இல் பால் ஃபீனி என்ற சூழலியலாளர், இங்கிலாந்து ஓக் இலைகளில் கோடை ஏற ஏற டானின் கூடுவதையும், குளிர்கால அந்துப்பூச்சியின் புழுக்கள் வசந்தத்தின் தொடக்கத்திலேயே தின்று முடித்துவிடுவதையும் இணைத்து எழுதினார். டானின்–நொதி ஆய்வுகளில் இன்றும் பேசப்படும் கட்டுரை அது. பிறகு வந்தவர்கள் அதில் ஒரு ஓட்டையைக் கண்டார்கள். பல புழுக்களின் குடல் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் டானின்–புரதப் பிணைப்பு நிற்காது. அதாவது, சோதனைக்குழாயில் வெற்றி பெற்ற டானின், புழுவின் வயிற்றில் தோற்றுப்போகலாம். கீழே மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இதே சங்கடம் மறுபடியும் வரும்.

மனித உடம்பிலும் இப்படி ஒரு தற்காப்பு இருக்கிறதா?

இருக்கிறது, வாயிலேயே. காதோரம் இருக்கும் பரோட்டிட் சுரப்பியின் எச்சிலில், புரதத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு புரோலின் மிகுந்த புரதங்கள். இவற்றின் ஒரு வேலை, உள்ளே வரும் டானினை முதல் ஆளாகப் பிடித்துக்கொள்வது. துவர்ப்பாக நாம் உணர்வதே இந்த எச்சில் புரதங்கள் டானினோடு சேர்ந்து திரிந்து, வாயின் வழவழப்புப் போய்விடுவதால்தான்.

எலிகளுக்கு டானின் மிகுந்த சோளத்தைக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே அவற்றின் பரோட்டிட் சுரப்பி பெருத்து, இந்தப் புரதங்களை ஏராளமாகச் சுரக்கத் தொடங்கியது. முதலில் எடை இழந்த எலிகள் பிறகு தேறின. வெள்ளெலி வகையான ஹாம்ஸ்டருக்கு அந்தத் திறன் இல்லை. அதே உணவில் அது வளரவில்லை, அளவு கூடியபோது செத்தும் போனது. 1980களில் நடந்த இந்தச் சோதனைகளைப் படித்தால், விலங்குக்கு விலங்கு முடிவு ஏன் மாறுகிறது என்பது புரிந்துவிடும்.

‘பைன் பட்டைச் சாறு அகார்போஸ் மாத்திரையைவிட 190 மடங்கு வலுவானது’ என்று படித்தேன். உண்மையா?

அகார்போஸ் என்பது மாவுச்சத்தைச் செரிக்கும் குடல் நொதிகளைத் தடுக்கும் சர்க்கரை நோய் மாத்திரை. அப்படி ஓர் ஆய்வு 2007இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடலோரப் பைன் மரப்பட்டையின் சாறு ஆல்ஃபா-குளுக்கோசிடேஸைத் தடுப்பதை அளந்தார்கள். நொதியின் வேகத்தைப் பாதியாக்கத் தேவைப்படும் அளவை ஐசி-50 என்பார்கள். பட்டைச் சாற்றுக்கு அது மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவில், அகார்போஸுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் வந்தது. அந்த விகிதம்தான் 190.

எண் சரி. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மாதிரி ஆய்வுகளில், விலை மலிவு என்பதால், பெரும்பாலும் ஈஸ்டிலிருந்து எடுத்த குளுக்கோசிடேஸையே பயன்படுத்துகிறார்கள். ஈஸ்டின் நொதியும் நம் குடலின் நொதியும் பெயரில் ஒன்று. பரம்பரையில் வேறு வேறு குடும்பம். அகார்போஸ் நம் குடலில் உள்ள சுக்ரேஸை மிகக் குறைந்த அளவிலேயே அடக்கிவிடும், ஈஸ்ட் நொதியிடம் அதன் பாச்சா பலிக்காது. ஆக, ஈஸ்ட் நொதியை வைத்துப் போட்டி நடத்தினால் அகார்போஸ் தோற்பது முன்பே முடிவான ஆட்டம். ‘அகார்போஸைவிட வலுவானது’ என்று அறிவிக்கும் எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, நொதி எங்கிருந்து வந்தது என்ற ஒரு வரியைத்தான். எலிக் குடலிலிருந்து எடுத்ததா, பன்றியின் கணையத்திலிருந்தா, ஈஸ்டா? அகார்போஸின் ஐசி-50 மில்லிகிராம் கணக்கில் வந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, சோதனைக்குழாயில் அந்த நொதி தனியாக, தூய நிலையில், மிகக் குறைந்த அளவில் கிடக்கிறது. டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதமே இல்லை.

அப்படியானால் வயிற்றில் ஒன்றுமே நடக்காதா?

அப்படியும் சொல்ல முடியாது. இதற்குச் சாதகமான வாதம் ஒன்று உண்டு. பெரிய டானின்கள் குடலிலிருந்து ரத்தத்துக்குள் அதிகம் போவதில்லை. மற்ற மூலிகைப் பொருள்களுக்கு இது குறை. இங்கே அதுவே வசதி, ஏனென்றால் வேலை நடக்க வேண்டிய இடமே குடல்தான். 250 மில்லிகிராம் சாறு ஒரு லிட்டர் உணவுக் கலவையில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 250 மைக்ரோகிராம். பல ஐசி-50 எண்களைவிட இது கூடுதல்தான்.

எதிர்ப்பக்கம் வலு அதிகம். சாப்பாட்டில் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் கிராம் கணக்கில் வருகிறது. டானின் முதலில் கையில் கிடைத்ததைப் பிடிக்கும். எச்சில் ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். சிறுகுடலில் பித்த உப்புகள் இருக்கின்றன. சோப்பு அழுக்கைப் பிரிப்பதுபோல் அவை டானின்–புரதக் கட்டை ஓரளவு அவிழ்த்துவிடும்.

அப்புறம், கணையத்தின் தாராளம். 1973இல் டிமேக்னோ குழுவினர் கணைய நோயாளிகளை ஆராய்ந்து காட்டியது: லைபேஸ் சுரப்பு இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தால்தான் மலத்தில் கொழுப்புப் போகத் தொடங்குகிறது. உடம்பு தேவைக்குப் பல மடங்கு நொதியைச் சுரந்து வைத்திருக்கிறது. அப்படியிருக்க, நொதியைப் பாதியாக அடக்கியதைக் கொண்டு மட்டும் செரிமானம் பாதியாகிவிட்டது என்று கணக்குப் போட முடியாது. பாதி போனாலும் மீதிப் பாதி தாராளமாகப் போதும்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

குறைவாகத்தான். எனக்குச் சுவாரசியமாகப் படுவது சீகை மரப்பட்டை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலிருந்து வந்த இந்த மரத்தை ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியில் விறகுக்காகவும் பட்டைக்காகவும் நட்டார்கள். இன்று சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிக்கொண்டு நிற்கிறது, அகற்றச் சொல்லி வழக்கெல்லாம் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதே மரம் பெரிய தொழில். பட்டையின் உலர் எடையில் 30 விழுக்காட்டுக்கும் மேல் டானின் கிடைப்பதால் உலகம் முழுக்கத் தோல் பதனிடப் போகிறது.

ஜப்பானில் இந்தப் பட்டைச் சாற்றை ‘அகேசியா பாலிபீனால்’ என்ற பெயரில் துணை உணவாக்கினார்கள். அமைலேஸையும் லைபேஸையும் அது தடுப்பதைச் சோதனைக்குழாயில் காட்டினார்கள், எலிகளிலும் சோதித்தார்கள். பிறகு 2013இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்த 34 பேரில் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 8 வாரம் கொடுத்தார்கள். குளுக்கோஸ் குடிக்க வைத்து அளந்தபோது, பின்நேர அளவுகளில் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது.

நல்ல செய்திதான். ஆனால் குடிக்கக் கொடுத்தது குளுக்கோஸ். குளுக்கோஸைச் செரிக்க அமைலேஸும் வேண்டாம், குளுக்கோசிடேஸும் வேண்டாம், அது அப்படியே உள்ளே போகும். ஆகவே அந்தக் குறைவுக்கு நொதித் தடை நேரடிக் காரணமாக இருக்க முடியாது. குடல் உறிஞ்சுவது தாமதப்பட்டதோ, இன்சுலின் பக்கம் ஏதும் மாறியதோ, வேறு வழியாக வந்திருக்க வேண்டும். பட்டை வேலை செய்கிறது என்பதும், நாம் சொல்லும் காரணத்தால் வேலை செய்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். 34 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை.

சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் கொடுக்கிறார்களே, அதுவும் இப்படித்தான் வேலை செய்கிறதா?

ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேர்ந்த குடிநீர் அது. அதில் ஆவாரை, கொன்றை, நாவல், மருது நான்கிலும் டானின் கணிசமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டின் முழுப் பெருமையையும் டானினுக்குக் கொடுத்தால் கடலழிஞ்சிலுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

கடலழிஞ்சில் இனத்தை இலங்கையில் சிங்கள மக்கள் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அந்த மரத்தில் குடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது அங்கே சர்க்கரை நோய்க்கு வழக்கம். ஜப்பானின் யோஷிகாவா குழுவினர் இதை ஆராய்ந்து 1997இல் சலாசினால், அடுத்த ஆண்டு கொட்டலனால் என்ற பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் டானின் அல்ல. கந்தகம் உள்ள, சர்க்கரையைப் போல் உருவம் கொண்ட சிறிய மூலக்கூறுகள். குடல் குளுக்கோசிடேஸின் குழிக்குள் சரியாகப் பொருந்தி உட்காரும், கண்ட புரதத்தையெல்லாம் பிடிக்காது. நொதித் தடுப்பான் என்ற பெயர் இவற்றுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. மூலிகைச் சாற்றில் டானின் நிறைய இருக்கும்போது, இப்படிப்பட்ட சின்னப் பொருள்கள் அதன் இரைச்சலில் கண்ணில் படாமல் போவதும் நடக்கிறது.

உடல் எடை குறைய உதவுமா?

லைபேஸைத் தடுக்கும் என்பதை வைத்து விற்கிறார்கள். கொழுப்புச் செரிமானத்தை உண்மையாகவே தடுக்கும் மருந்து ஓர்லிஸ்டாட். அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்றது. அதைச் சாப்பிட்டு எண்ணெய்ப் பண்டம் தின்றவருக்கு என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள்: எண்ணெயாகவே வெளியே போகும், உள்ளாடை பாழாகும். பட்டைக் கஷாயம் குடித்து யாருக்கும் அப்படி ஆவதாகக் கேள்விப்படவில்லை. லைபேஸ் எவ்வளவு தடைபட்டிருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். மாவுச்சத்துக்கும் இதே அளவுகோல்தான்: உண்மையிலேயே செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனால் அங்கே கிருமிகள் நொதிக்க வைக்கும், வாயுத் தொல்லை வரும். அகார்போஸ், அதே வகை மாத்திரையான வோக்லிபோஸ் சாப்பிடுபவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

கஷாயத்தில் பால் சேர்த்துக் குடிக்கலாமா?

துவர்ப்புக் குறையும், ஏனென்றால் பாலின் கேசீன் என்ற புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும். தேநீரில் பால் ஊற்றினால் நடப்பதும் அதுவே. நொதியைத் தடுக்கத்தான் குடிக்கிறீர்கள் என்றால், பாலைச் சேர்த்த கணத்தில் அந்த நோக்கத்தில் பாதி போயிற்று.

அம்மாவுக்கு ரத்தசோகை. தினமும் சாப்பாட்டோடு மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறார்கள். பரவாயில்லையா?

சாப்பாட்டோடு வேண்டாம் என்று சொல்லுங்கள். கடுக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் வெட்டுவாய் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய எழுதும் மையும் இந்தக் கறுப்பிலிருந்துதான் வந்தது. டானின் இரும்போடு சேர்ந்து செய்யும் அதே வேலையைக் குடலிலும் செய்கிறது. கீரை, தானியம், பருப்பிலிருந்து வரும் இரும்பை உறிஞ்ச விடாது. இறைச்சியில் இருந்து வரும் இரும்பு அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை, ஆக சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நொதி தடைபடுமா என்பதில்தான் வாதம் எல்லாம். இரும்பு தடைபடும் என்பதில் எந்த வாதமும் இல்லை, மனிதர்களிடம் திரும்பத் திரும்ப அளந்து பார்த்த விஷயம். இரும்பு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும். கஷாயத்தைத் தொடரலாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மருதம்பட்டையை இதயத்துக்காக எடுப்பவர்கள் ஏற்கெனவே வேறு மாத்திரைகளும் சாப்பிடுவது வழக்கம்.

கருவாப்பட்டை?

அதிலும் செறிவு டானின் உண்டு. ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் இருக்கிறது. ஐரோப்பாவில் கூமரினுக்கு உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தினமும் கரண்டி கரண்டியாகப் பொடி சாப்பிடுபவர்கள் மெல்லிய சுருளாக இருக்கும் இலங்கைக் கறுவாவை வாங்குவது நல்லது. அதில் கூமரின் மிகக் குறைவு. பிரியாணிக்குப் போடும் துண்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இயற்கைப் பொருள்தானே, அதிகம் குடித்தால் என்ன ஆகும்?

சாதாரணமாக வருவது மலச்சிக்கல், வயிற்றுப் பிசைவு, குமட்டல். பேதிக்குத் துவர்ப்புக் கொடுப்பதே குடல் இறுகட்டும் என்றுதானே.

பெரிய அளவில் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1925இலிருந்து தீக்காயங்களுக்கு டானிக் அமிலத்தைத் தெளிக்கும் சிகிச்சை அமெரிக்காவில் தொடங்கிப் பரவியது. புண்ணின் மேல் புரதம் உறைந்து தோல் போல ஓர் ஏடு படியும், நீர் வடிவது நிற்கும். மருத்துவர்கள் கொண்டாடினார்கள். காயத்தின் வழியே ரத்தத்தில் கலந்த டானிக் அமிலம் கல்லீரலைக் கெடுப்பது 1940களில் தெரியவந்ததும் கைவிட்டார்கள். முழுத் தோலும் முழுக் குடலும் இருக்கும்போது அவ்வளவு உள்ளே போகாது என்பது உண்மை. குடல் புண், குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அந்த உத்தரவாதம் குறைகிறது. கருவுற்றவர்கள் அடர்த்தியான பட்டைக் கஷாயத்தைத் தவிர்ப்பதே சரி.

சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறாதீர்கள். டானின் வேறு மருந்துகளையும் பிடித்துக்கொள்ளக்கூடும்.

இதோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. அகார்போஸ், வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு, கூடவே எடுக்கும் வேறு மருந்தால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வந்தால், சீனியோ மிட்டாயோ கொடுத்தால் பலன் வரத் தாமதமாகும். சீனியை உடைக்கும் நொதியைத்தான் மாத்திரை அடைத்து வைத்திருக்கிறதே! குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மரப்பட்டை டானின் எதுவும் முறைப்படி மருந்தாக ஏற்கப்பட்டிருக்கிறதா?

ஒன்று உண்டு. அமேசான் காட்டில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் ரத்தம் போலச் சிவந்த பால் வடியும். ‘டிராகனின் ரத்தம்’ என்று அங்கே பெயர், பேதிக்கும் காயத்துக்கும் வைத்தியம். அந்தப் பாலிலிருந்து எடுத்த செறிவு டானின் வகைதான் குரோஃபெலமெர். எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களின் பேதிக்கு 2012இன் கடைசி நாளில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அது செரிமான நொதிகளைத் தடுத்து வேலை செய்யவில்லை. குடல் செல்களில் குளோரைடை வெளியேற்றும் வாய்க்கால்களை அடைக்கிறது, உப்போடு நீர் வெளியேறுவது குறைகிறது. ரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே தங்குவது இதற்கும் கைகொடுக்கிறது.

ஆடு மாடுகளுக்கு இதனால் நன்மையா, கெடுதலா?

அளவுதான் எல்லாம். தீவனத்தின் உலர் எடையில் 2 முதல் 4 விழுக்காடு செறிவு டானின் இருந்தால் நன்மை. முதல் வயிற்றில் அமிலம் குறைவு, அங்கே டானின் புரதத்தைப் பிடித்து வைத்துக் கிருமிகளிடமிருந்து காப்பாற்றும். நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் விட்டுவிடும், புரதம் மாட்டுக்கே கிடைக்கும். வயிறு உப்புசமும் குறையும். 5 விழுக்காட்டைத் தாண்டினால் தீவனம் எடுப்பதே குறைந்துவிடும். ஆடு, மாட்டைவிடக் கூடுதலாகத் தாங்கும். துவர்ப்புத் தழையை மட்டுமே நம்பியிருக்கும் ஆடுகளுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்து கொடுக்கும் முறை வறண்ட நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. டானின் அதைப் பிடித்துக்கொண்டு புரதத்தை விட்டுவிடும்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மரப்பட்டை எடுத்து அமைலேஸ் தடுப்புச் செய்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், கஞ்சியில் எச்சிலைக் கலந்து அயோடின் சொட்டும் பள்ளிக்கூட முறையை விட்டுவிடுங்கள். பட்டையின் பாலிபீனால்கள் அயோடினையே நிறமிழக்கச் செய்யும். நீலம் வராதது மாவுச்சத்து செரித்ததாலா, அயோடின் போனதாலா என்று தெரியாது.

வெளிவந்த சர்க்கரையை நிறமாக்கி அளக்கும் டி.என்.எஸ். முறையிலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பட்டைச் சாறு தானே அந்த வினைப்பொருளோடு சேர்ந்து பழுப்பு நிறம் காட்டும். எனவே நொதி இல்லாமல் சாறு மட்டும் போட்ட வெற்றுக் குழாயை ஒவ்வொரு செறிவுக்கும் தனியாக வைத்துக் கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு வெற்றுக் குழாய் வைத்து முடித்த ப்ராஜெக்ட்டுகளே அதிகம் கண்ணில் படுகின்றன. குளுக்கோசிடேஸுக்கு மஞ்சள் நிறம் அளக்கும் முறை என்றாலும் இதே எச்சரிக்கை, கஷாயத்துக்கே நிறம் அடர்த்தி. நொதி வாங்கும்போது பன்றிக் கணைய அமைலேஸ் எடுங்கள். குளுக்கோசிடேஸ் என்றால், கொஞ்சம் செலவானாலும், எலிக் குடல் பொடி. ஈஸ்ட் நொதிதான் கிடைத்தது என்றால் அதைத் தலைப்பிலேயே எழுதுங்கள், அகார்போஸோடு ஒப்பிட்டு வென்றதாக எழுதாதீர்கள்.

கடைசியாக, மூன்று கூடுதல் குழாய்கள். ஒன்றில் மாட்டு அல்புமின் புரதம் கொஞ்சம் சேருங்கள். தடை மறைந்துவிட்டால், உங்கள் பட்டை அமைலேஸை மட்டும் குறிவைக்கவில்லை, கிடைத்த புரதத்தைப் பிடித்திருக்கிறது. இன்னொன்றில் டிரைட்டான் போன்ற டிடர்ஜென்ட் 0.01 விழுக்காடு அளவில் சேர்த்தால், மூலக்கூறுகள் திரண்டு செய்யும் பொய்த்தடை தெரிந்துவிடும். மூன்றாவதில், சாற்றை, டானினைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. தூளோடு குலுக்கி, சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை எடுத்துப் பாருங்கள். டானின் தூளோடு போய்விட்டிருக்கும். அதன் பிறகும் தடை மிச்சமிருந்தால், அந்தத் தெளிவில் டானின் அல்லாத வேறு பொருள் ஏதோ இருக்கிறது. பிரித்தெடுக்க வேண்டியது அதைத்தான்.